அக்டோபர் வரைபடத்தின் வெள்ளை இடம்

1948ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சியியல் பொறுப்பாளர் ஹோவர்ட் கரன், தம் மனைவியுடன் நகரத்துக்கு வடக்கே ஹட்சன் ஆற்றோரம் இருக்கும் பேர் மவுண்டன் பூங்காவுக்குப் போனார். அங்கே இருவரும் தேடியது கம்பளிப்பூச்சி. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் செம்பழுப்பு, உடலில் 13 கண்டங்கள். பழுப்புப் பட்டை அகன்றிருந்தால் வரப்போகும் குளிர்காலம் மிதமாக இருக்கும், கறுப்பு ஏறியிருந்தால் கடுங்குளிர் வரும் என்பது அந்த வட்டாரத்தில் காலங்காலமாக இருந்துவந்த நம்பிக்கை. கரன் பிடித்த பூச்சிகளின் கண்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். சராசரியாக ஐந்துக்கு மேல் பழுப்பு. குளிர் மிதமாகத்தான் இருக்கும் என்றார். நிருபராக இருந்த நண்பர் ஒருவர் மூலம் செய்தி நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் நாளிதழில் வெளியாயிற்று.

அடுத்த எட்டு ஆண்டுகள் அவர் இந்தக் கணக்கைத் தொடர்ந்தார். தாம் எண்ணிய பூச்சிகள் மிகக் குறைவு, அதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ஆனால் நம்பிக்கை எண்ணிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. வட கரோலினாவின் பேனர் எல்க் என்ற மலையூரில் 1978 முதல் அக்டோபர் மாதத்தில் கம்பளிப்பூச்சித் திருவிழா நடக்கிறது. நூலில் பூச்சிகளை ஏறவிட்டுப் பந்தயம் வைப்பார்கள். வென்ற பூச்சியின் 13 கண்டங்களும் குளிர்காலத்தின் 13 வாரங்கள். கறுப்புக் கண்டம் என்றால் அந்த வாரம் கடும் பனி.

பூச்சியின் பட்டை உண்மையில் எதைச் சொல்கிறது? அது எப்போது பொரிந்தது, எத்தனை முறை தோலுரித்தது, எவ்வளவு வளர்ந்தது என்பதைச் சொல்கிறது. கடந்துபோன மாதங்களின் குறிப்பு அது. வரும் மாதங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் அதைக் குனிந்து பார்க்கிறார்கள்? வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலம் என்பது குடும்பச் செலவைத் தீர்மானிக்கும் பருவம். மெய்ன் மாநிலத்தில் ஏறக்குறைய பாதி வீடுகள் எண்ணெய் எரித்துத்தான் சூடு பிடிக்கின்றன. குளிர் மிதமானால் அந்த வீட்டில் நாலு காசு மிஞ்சும். அருகிலுள்ள வெர்மான்டில் பனிச்சறுக்கு விடுதி நடத்துபவருக்கு அதே மிதக் குளிர் நஷ்டம். நகராட்சிக்காரர் சாலையில் கொட்டும் உப்பு எத்தனை டன் வாங்கிக் குவிப்பது என்று யோசிக்கிறார். எரிவாயு வணிகர் விலையைப் பார்க்கிறார். பிள்ளைகளுக்கு வேண்டியது பள்ளிக்கூட விடுமுறைக்குப் போதுமான பனி. ஒரே வானத்திடம் இத்தனை பேர் எதிரெதிரான வரங்களைக் கேட்கிறார்கள். இலைகள் சிவக்கத் தொடங்கும் செப்டம்பர் கடைசியிலேயே கேள்வி எழுந்துவிடும். 1792இல் ராபர்ட் தாமஸ் தொடங்கி இன்றும் வெளிவரும் ஓல்ட் ஃபார்மர்ஸ் ஆல்மனாக் இந்த ஆவலில் வாழும் புத்தகம்தான். நம் வீடுகளில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்துக்கு அண்ணன் முறை. தன் கணிப்பில் 80 விழுக்காடு பலிப்பதாக அது சொல்லிக்கொள்கிறது. வெளியாட்கள் சரிபார்த்தபோது ஏறக்குறைய பாதிதான் பலித்திருந்தது. நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவு கிடைக்கும்.

அப்படியானால் மூன்று மாதத்துக்கு முன்பே ஒரு பருவத்தைப் பற்றி உருப்படியாக எதையும் சொல்ல முடியாதா? முடியும். அந்த வழி திறந்த கதையின் ஒரு நுனி நம் ஊரில், நம் பட்டினியில் இருக்கிறது. வானிலையைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை.

1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டிருந்தது. அடுத்த மழை எப்படி என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அரசு கேட்டது. துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் இமயத்தின் பனியைப் பார்த்தார். மலையில் வசந்தத்தில் பனி மிகுதியாகக் கிடந்தால் அந்த ஆண்டு பருவமழை குறைகிறது என்று கண்டு, 1880களில் அதை வைத்து முன்னறிவிப்புகள் கொடுத்தார். சில ஆண்டுகள் பலித்தது, பிறகு பொய்த்தது. 1899இல் மழை மீண்டும் கைவிட்டது. மறுபடியும் பஞ்சம்.

1904இல் துறைக்குத் தலைவராக வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணிதர். வானிலை அவர் படித்த பாடமே அல்ல. தமிழ் வாசகருக்கு அவரை வேறொரு வகையிலும் தெரிந்திருக்க வேண்டும். 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞரின் கணக்குத் தாள்களைத் துறைமுகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்குக் காட்டினார். வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன்.

வாக்கர் பருவமழைக்குக் கோட்பாடு தேடவில்லை. எண்களைத் தேடினார். உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, எது ஏறும்போது எது இறங்குகிறது என்று ஒப்பிட்டார். கணினி இல்லாத காலம். இந்திய எழுத்தர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கையால் போட்ட கணக்கு அது. அவர்களில் ஒருவர் பெயரும் எந்த அலைவுக்கும் சூட்டப்படவில்லை. அந்தத் தாள்களிலிருந்து மூன்று பெரிய ஊசல்கள் தெரிந்தன. 1924 வாக்கில் வாக்கர் அவற்றுக்குப் பெயரிட்டார்: தென் அலைவு, வட அட்லாண்டிக் அலைவு, வட பசிபிக் அலைவு. பருவமழையைத் திருத்தமாகக் கணிக்கும் அவருடைய ஆசை நிறைவேறவில்லை. ஆனால் பஞ்சத்துக்கு விடை தேடிப் போட்ட அந்தக் கணக்கில்தான் ஐரோப்பாவின் குளிரும் அமெரிக்காவின் பனியும் அகப்பட்டன.

வட அட்லாண்டிக் ஊசலை வாக்கருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் கவனித்திருக்கிறார். 1770களில் கிரீன்லாந்தில் வாழ்ந்த டேனிஷ் பாதிரியார் ஹான்ஸ் எகெடே சாபி, டென்மார்க்கில் குளிர் கடுமையாக இருக்கும் ஆண்டில் கிரீன்லாந்தில் அது தணிகிறது, அங்கே தணிந்தால் இங்கே கடுக்கிறது என்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். காரணம் இதுதான்: ஐஸ்லாந்தை ஒட்டி ஒரு தாழ்வழுத்தப் பகுதி, அசோர்ஸ் தீவுகளை ஒட்டி ஓர் உயரழுத்தப் பகுதி. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாக இருந்தால் மேலைக்காற்று கடலின் கதகதப்பை ஐரோப்பாவுக்குள் அள்ளிக்கொண்டு வரும். மழை பெய்யும், குளிர் குறையும். வேறுபாடு சுருங்கினால் அந்தக் காற்று தளரும். ஆர்க்டிக்கிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் உறைகாற்று புகுந்துவிடும்.

தென் அலைவின் மர்மத்தை 1969இல் வானிலையியலாளர் யாக்கோப் பியெர்க்னெஸ் விடுவித்தார். பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் நீர் சூடேறும் எல் நினோவும் வாக்கரின் காற்றழுத்த ஊசலும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்று அவர் காட்டினார். வெப்பமண்டலப் பசிபிக்கில் கிழக்கு மேற்காகச் சுழலும் அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்றே பெயரும் வைத்தார்.

காற்றுக்கு நினைவாற்றல் குறைவு. இன்றைய காற்றின் நிலையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு மேல் அதன் போக்கைப் பின்தொடர முடியாது என்பதற்கான காரணத்தை வானிலையியலாளர் எட்வர்ட் லோரென்ஸ் 1963இல் காட்டிவிட்டார். ஆகவே டிசம்பர் 25 அன்று பாஸ்டனில் வெண்பனி விழுமா என்ற கேள்விக்கு அக்டோபரில் விடை கிடையாது. அதைச் சொல்கிறேன் என்று யாராவது முன்வந்தால் நம்ப வேண்டாம். ஆனால் கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். எல் நினோவோ அதன் எதிர்முகமான லா நினாவோ பெரும்பாலும் இலையுதிர் காலத்துக்குள் உருத்திரண்டுவிடும், டிசம்பரை ஒட்டி உச்சம் தொடும். மார்ச்சிலோ ஏப்ரலிலோ அதைக் கணிப்பது கடினம். அக்டோபரில் அது கண்முன் நிற்கிறது. சூடான நீர் இருக்குமிடத்தில் இடிமேகம் எழும். அந்த மேகங்கள் வெளிவிடும் வெப்பம் மேல்வானத்து ஜெட் காற்றின் பாதையை நகர்த்தும். எல் நினோ ஆண்டில் அந்தப் பாதை அமெரிக்காவின் தென்பகுதி மேலாக ஓடும். தெற்கே மழை மிகும், வடக்கே குளிர் தணியும். லா நினாவில் பாதை வடக்கே ஏறும். தெற்கு காயும், வடமேற்கில் மலைகள் வெளுக்கும்.

இது கட்டாயம் நடக்கும் என்று பொருளில்லை. ஒரு பக்கம் சற்றே கனம் கூட்டிய தாயக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த உருட்டலில் என்ன விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் நூறு முறை உருட்டினால் எந்தப் பக்கம் கூடுதலாக விழும் என்று சொல்லலாம். கடல் செய்வது இந்தக் கனம் கூட்டும் வேலையைத்தான்.

அமெரிக்க அரசின் பருவநிலை முன்னறிவிப்பு மையம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மூன்றாவது வியாழக்கிழமை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்குமான வரைபடத்தை வெளியிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. படிக்கும் முறை இது: 1991 முதல் 2020 வரையிலான 30 குளிர்காலங்களை எடுத்து, மிகக் குளிர்ந்த 10, நடுவான 10, மிக வெதுவெதுப்பான 10 என்று மூன்று கூறாக்குவார்கள். ஒன்றும் தெரியாத நிலையில் ஒவ்வொரு கூறுக்கும் 33 விழுக்காடு வாய்ப்பு. ஓர் இடத்தில் வெதுவெதுப்புக்கு 40 விழுக்காடு என்று வரைபடம் சொன்னால், நடுநிலைக்கு 33 அப்படியே இருக்கிறது, கடுங்குளிருக்கு இன்னும் 27 மீதமிருக்கிறது என்று பொருள். தொலைக்காட்சியில் அந்த இடம் செக்கச்செவேல் என்று தெரியும். பார்ப்பவர் இந்தத் தடவை குளிரே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். 27 என்ற எண் அவர் காதில் விழுவதே இல்லை.

வரைபடத்தில் நிறமே பூசாத வெள்ளைப் பகுதிகளும் இருக்கும். எந்தப் பக்கமும் சாய்வு இல்லை, மூன்றுக்கும் சம வாய்ப்பு என்பது அதன் பொருள். எங்கள் ஊருக்கு மட்டும் ஒன்றுமே சொல்லவில்லையே என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். என் பார்வையில் அந்த வரைபடத்தின் மதிப்பு மிகுந்த பகுதி அதுவே. ஆல்மனாக்கின் பக்கங்களில் ஓர் இடம்கூட வெள்ளையாக விடப்படுவதில்லை. பூச்சியின் 13 கண்டங்களிலும் ஏதாவது ஒரு நிறம் இருந்தே தீரும். தெரியாத இடத்தைத் தெரியாதது என்று குறிக்கத் துணிந்தது அறிவியல்தான்.

2022 அக்டோபரில் லா நினா தொடர்ந்து மூன்றாவது குளிர்காலத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. தென் கலிபோர்னியாவுக்கு வரைபடம் வறட்சியின் பக்கம் சாய்ந்தது. ஏற்கெனவே அணைகள் வற்றிக் கிடந்த மாநிலம். பிறகு டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் ஒன்பது வளிமண்டல ஆறுகள், அதாவது பசிபிக்கிலிருந்து நீராவியைச் சுமந்து வரும் நீண்ட ஈரக் காற்றோட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதின. மார்ச்சிலும் ஓயவில்லை. 2023 ஏப்ரல் 3 அன்று அளந்தபோது மாநில மலைகளின் பனியிலிருந்த நீர், அந்த நாளின் சராசரியில் 237 விழுக்காடு. டோனர் கணவாயருகே உள்ள பெர்க்லி பல்கலைக்கழகப் பனி ஆய்வகத்தில் அந்தப் பருவத்தில் விழுந்த வெண்பனி 754 அங்குலம், 19 மீட்டருக்கு மேல். அந்த ஆய்வகம் அளக்கத் தொடங்கிய 1946 முதல் இரண்டாவது பெரிய அளவு. வடித்துக் காயவைத்து விளைநிலமாக்கப்பட்டிருந்த துலாரே ஏரி மீண்டும் நிரம்பிக் கிடந்தது.

மறு ஆண்டு நேர்மாறு. வலுவான எல் நினோ. அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர் தணியும் என்று 2023 அக்டோபர் வரைபடம் சொன்னது. 2023-24 குளிர்காலம், தொடர்ச்சியான 48 மாநிலங்களின் பதிவேட்டிலேயே மிக வெதுவெதுப்பானதாக முடிந்தது. விஸ்கான்சினில் காடு கடந்து ஓடும் புகழ்பெற்ற பிர்கெபைனர் பனிச்சறுக்குப் போட்டியை, இயந்திரத்தால் செய்த பனியைக் கொட்டி 10 கிலோமீட்டர் வளையத்துக்குள் நடத்த வேண்டியதாயிற்று. ஓர் ஆண்டு தவறி மறு ஆண்டு பலித்ததை வைத்து வரைபடம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. 40 விழுக்காடு என்று சொன்ன இடங்களில் பல ஆண்டுகளில் 40 விழுக்காடு நடந்திருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஐரோப்பாவின் நிலை இன்னும் சிக்கலானது. பசிபிக்கின் கை அங்கே அரைகுறையாகத்தான் எட்டுகிறது. அங்கே மேலேயும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் வடதுருவத்துக்கு மேல், வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்ஃபியரில், பெருங்காற்று வளையம் ஒன்று சுழல்கிறது. துருவச் சுழல் என்பார்கள். அது திடமாகச் சுற்றும்வரை கடுங்குளிர் வடக்கிலேயே அடைபட்டுக் கிடக்கும். சில ஆண்டுகளில் கீழிருந்து எழும் பேரலைகள் அந்த வளையத்தை உலுக்கி உடைத்துவிடும். அப்போது துருவத்துக்கு மேலே 30 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சில நாட்களிலேயே 50 டிகிரி வரை ஏறும். பெர்லினில் பலூன் விட்டு அளந்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஷெர்ஹாக் 1952இல் இதை முதன்முதலில் கண்டார். 2018 பிப்ரவரி 12 அன்று சுழல் இப்படி உடைந்தது. இரண்டு வாரத்தில் பிரிட்டன் கீழைக்காற்றில் உறைந்தது.

சுழல் உடையுமா என்பதற்கு இலையுதிர் காலத்திலேயே தடயம் உண்டா? நிலநடுக்கோட்டுக்கு மேலே உயரத்தில் ஒரு காற்று ஏறத்தாழ 28 மாதங்களுக்கு ஒரு முறை கிழக்கும் மேற்குமாக மாறிக்கொண்டே இருக்கிறது. அது கீழைக்காற்றாக இருக்கும் ஆண்டில் துருவச் சுழல் பலவீனமாக இருக்கக் கூடும் என்று ஹோல்டன், டான் என்ற ஆய்வாளர்கள் 1980இல் காட்டினர். அந்தக் காற்றை ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகப் பார்ப்பது சிங்கப்பூரில் விடும் பலூன்களின் பதிவில். லண்டனில் பனி விழுமா என்று தவிப்பவர், கோடையே குறையாத சிங்கப்பூரின் வானத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு தடயம் சைபீரியாவில். அக்டோபரில் அங்கே பனி வேகமாகப் பரவினால் சுழல் தளர்ந்து, அமெரிக்காவின் கிழக்கிலும் ஐரோப்பாவிலும் குளிர் கூடும் என்று வானிலை ஆய்வாளர் ஜூடா கோஹன் பல ஆண்டுகளாக வாதிட்டுவருகிறார். பனியை விரும்புபவர்கள் அக்டோபர் முழுக்க சைபீரிய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த உறவு சில பத்தாண்டுகளில் வலுவாகவும் மற்றவற்றில் மெலிந்தும் தெரிகிறது. பிளான்ஃபோர்டின் இமயப் பனிக்கு நேர்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற மாட்டார்கள்.

பாரத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை 2009 காட்டியது. அந்த ஆண்டு வசந்தத்தில் பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் நல்ல கோடைக்கு வாய்ப்பு மிகுதி என்றது. வெட்டவெளியில் இறைச்சி சுட்டுச் சாப்பிட ஏற்ற கோடை என்ற செல்லப்பெயரும் அதனுடன் சேர்ந்து வந்தது. ஜூலை முழுக்க மழை. இலையுதிர் காலத்தில், வரும் குளிர்காலம் சராசரியை ஒட்டியோ அதைவிட வெதுவெதுப்பாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. வந்தது 1978-79க்குப் பிறகு மிகக் கடுமையான குளிர்காலம். வட அட்லாண்டிக் ஊசல் எதிர்ப்பக்கத்தின் கடைக்கோடிக்குப் போய்விட்டது. 2010 ஜனவரி 7 அன்று நாசாவின் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் பிரிட்டன் தீவு முழுதும் வெள்ளைத் துணி போர்த்ததுபோலக் கிடந்தது. சாலை உப்பு தீர்ந்துகொண்டு வந்தது. உள்ளூராட்சிகள் சிக்கனமாகத் தூவும்படி ஆயிற்று. மக்கள் கோபப்பட்டார்கள். மார்ச்சில் அந்த அலுவலகம் பொதுமக்களுக்கான பருவகால முன்னறிவிப்பையே நிறுத்திக்கொண்டது.

அந்த ஆண்டின் முன்னறிவிப்புகளில் தவறு எண்களில் இருந்ததைவிடச் சொன்ன விதத்தில் இருந்தது என்றே நினைக்கிறேன். குளிர்காலத்துக்கான அறிவிப்பில் கடுங்குளிருக்கும் ஒரு வாய்ப்பு குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் கோடையின் வாய்ப்பைச் செல்லப்பெயராகச் சுருக்கியதும் அது வாக்குறுதி ஆகிவிட்டது. வாக்குறுதி பொய்த்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நிறுத்தியது தீர்வல்ல. உப்பு வாங்குபவருக்கும் மருத்துவமனை நடத்துபவருக்கும் தாயக்கட்டையின் சாய்வு தெரிந்தால் போதும், அது பயன்படும்.

ஆய்வு நிற்கவில்லை. 2014இல் அதே அலுவலகத்தின் ஆடம் ஸ்கைஃபும் அவர் குழுவினரும், நவம்பர் தொடக்கத்தில் கணினி மாதிரியைச் சற்றே வேறுபட்ட தொடக்கநிலைகளிலிருந்து பல முறை ஓட்டி, அவற்றின் சராசரியை எடுத்தால் வட அட்லாண்டிக் ஊசலின் போக்கைக் கணிக்க முடிகிறது என்று காட்டினர். 20 குளிர்காலங்களில் கணிப்புக்கும் நடப்புக்கும் இடையிலான ஒட்டுறவு 0.6ஐத் தாண்டியது. ஒன்று என்றால் முழுப் பொருத்தம், சுழி என்றால் பொருத்தமே இல்லை. வாக்கர் கையால் போட்ட அதே ஒட்டுறவுக் கணக்குதான், அவர் பெயரிட்ட அதே ஊசலுக்கு. 90 ஆண்டு இடைவெளி.

இனி அக்டோபரில் அந்த வரைபடத்தைப் பார்க்க நேர்ந்தால், உங்கள் பிள்ளை பாஸ்டனிலோ டொரன்டோவிலோ லண்டனிலோ இருந்து அந்தச் செய்தியை அனுப்பினால், நிறத்தோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். மீதி எங்கே போயிற்று என்றும் கேளுங்கள். இடம் வெள்ளையாக இருந்தால் கனத்த கம்பளிச் சட்டையை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.